‘ஆமாம்’ போடும் மூளை

வத்திராயிருப்பை ஒட்டியிருக்கிறது கூமாபட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், பிளவக்கல் அணை, நெல்வயல், தென்னந்தோப்பு என்று அமைதியாகக் கிடந்த ஊர். 2025-ஆம் ஆண்டு நடுவில் அந்த ஊர்க்காரர் ஒருவர் கைபேசியில் எடுத்துப் போட்ட சின்னச் சின்னக் காணொளிகள் தமிழ்நாடு முழுவதையும் அந்தப் பெயரை உச்சரிக்க வைத்தன. “ஏங்க” என்று கூப்பிடுவார், ஊரைப் பற்றி ஒரு வரி சொல்வார், மறுபடியும் “ஏங்க” என்பார். அவர் சொன்னதில் புதுத் தகவல் எவ்வளவு என்று தேடினால் அதிகம் அகப்படாது. ஆனாலும் கேட்டவர்கள் மறக்கவில்லை. திருப்பிச் சொன்னார்கள், தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பேசிப் பார்த்தார்கள், சிலர் வண்டியேறி நேரிலேயே வந்துவிட்டார்கள்.

இதே வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் வேறொரு பேச்சு நடக்கிறது. குருவானவர் வாரம் முழுக்க யோசித்து, வேதபாடம் பார்த்து, மூன்று தலைப்பாகப் பிரித்து, அரை மணி நேரம் பிரசங்கிக்கிறார். செவ்வாயோ புதனோ ஒருவரை நிறுத்தி, “போன ஞாயிறு ஐயர் என்ன பேசினார்?” என்று கேட்டால், “நல்லாத்தான் பேசினார்” என்பார். அதற்கு மேல் வராது.

இது இன்று நேற்று வந்த குறை அல்ல. துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு மட்டும் பேசிக்கொண்டே போக, சன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் ஒளிக்காமல் சொல்கிறது. 2024 ஜூன் மாதம் போப் பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். ஆனால் நேரத்தைக் குறைத்தால் நினைவு நிற்கும் என்று எண்ணினால், எட்டு நிமிடத்தில் மறந்துபோகும்படிப் பேசுவதும் எளிதுதான் என்பது விட்டுப்போகிறது.

மறதியை முதன்முதலாக அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று தன்னையே சோதித்தார். 1885-இல் வெளிவந்த அவருடைய கணக்கில் இருபது நிமிடம் கழித்து மிஞ்சியது 58 சதவீதம், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஆறு நாளில் கால் பங்கு. பிரசங்கம் அர்த்தமற்ற அசை அல்ல. ஆகவே இந்த எண்களை அப்படியே ஆலயத்துக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் சரிவின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை திரும்ப நினைக்கப்படாத பிரசங்கத்துக்கு, அடுத்த ஞாயிறு வரை ஆயுள் இருப்பது கஷ்டம்.

மறப்பதற்கு முதலில் காதில் விழுந்திருக்க வேண்டுமே! இந்த விஷயத்தைப் பிரசங்கிகள் பலர் மைக் செட்காரரிடம் விட்டுவிடுகிறார்கள்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரின் தலையில் விழுந்தது. ஊரடங்கிய இரவுகளில் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, எதிரொலி காதுக்குக் கேட்காமல் மறையும்வரை நேரம் குறித்தார். ஐந்தரை விநாடி வந்தது. அதற்குள் பேச்சாளர் அடுத்த பத்துப் பதினைந்து அசைகளைப் பேசிவிடுகிறார். பழைய அசைகள் சுவரில் பட்டுத் திரும்பி வந்து புதிய அசைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி அடுக்கி அளந்த சபைன் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். எதிரொலி நீடிக்கும் நேரம் கூடத்தின் கொள்ளளவு கூடினால் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த சன்னல், ஏனென்றால் வெளியே போன ஒலி திரும்பி வராது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்றும் கணக்கிட்டார்.

அப்படியானால் இருநூறு பேர் வந்து நிறைந்த கோயிலும், இருபது பேர் வந்த அதே கோயிலும் ஒலிக்கு ஒரே கட்டடம் அல்ல. பாளையங்கோட்டையில் 1826-இல் மிஷனரி ரேனியஸ் எழுப்பிய ஊசிக்கோபுர ஆலயம் தொடங்கி, நம் பக்கத்துப் பழைய மிஷன் கோயில்கள் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் கொண்டவை. பாட்டுக்கு அவை அருமையாக வாய்க்கும். எதிரொலி நான்கு குரலை நாற்பதாக்கிக் காட்டும். பேச்சுக்கு வேண்டியதோ ஒரு விநாடிக்குப் பக்கத்தில் அடங்கும் எதிரொலி. பழைய பிரசங்கிகள் சொற்களை இழுத்து, இடைவெளி விட்டு, ராகம்போலப் பேசியதை இன்றைய பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்தச் சுவர்களே அவர்களுக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடுகிறது. சத்தத்தைக் குறைத்து, இரண்டு சன்னலைத் திறந்து, துணித்திரை கட்டினால் வரும் தெளிவு புது ஸ்பீக்கர் வாங்கினால் வராது.

கட்டடமே இல்லாமல் பிரசங்கித்தவர்களும் இந்தப் பக்கம் இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலிச் சீமையில் இருந்த காலம் அது. 1854-இல் தாமஸ் ராக்லண்ட் என்ற மிஷனரி, ஃபென், மெடோஸ் என்னும் இரு தோழர்களோடு வடதிருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். தெற்கே உள்ள சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து மாதக்கணக்கில் வந்து உடன் நடந்தார்கள். 1858-இல் ராக்லண்ட் சிவகாசியில் இறந்தார். தெருவில் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு, ஆலயத்தில் அது கிடைக்காது. பிடிக்கவில்லையென்றால் கூட்டம் கலைந்துவிடும், சந்தேகம் வந்தால் குறுக்கே கேட்டுவிடும். பேசுகிறவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஆலயத்தில் மனிதர்கள் மரியாதையானவர்கள். எழுந்து போகமாட்டார்கள், மனம் மட்டும் போய்விடும்.

மனம் எப்போது போகிறது என்பதைச் சிலர் அளந்திருக்கிறார்கள். வேதியியல் வகுப்பில் மாணவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, கவனம் நழுவியதை உணரும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார் டயன் பன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 2010-இல் வெளியான அந்த ஆய்வுப்படி, பதினைந்து நிமிடம் கவனித்துவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தூங்குவது என்ற பிரபலக் கணக்கு பொருந்தவில்லை. கவனம் முதல் நிமிடத்திலேயே நழுவுகிறது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வருகிறது, நேரம் ஆக ஆக அடிக்கடி போய்வருகிறது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபோதும் எதையாவது செய்துகாட்டியபோதும் நழுவல் குறைந்தது. அதற்குப் பின் வந்த சாதாரணப் பேச்சிலும் அந்தப் பலன் கொஞ்ச நேரம் நீடித்தது. கூமாபட்டிக்காரரின் “ஏங்க” செய்த வேலையும் இதுதான். போன கவனம் திரும்பி வருகிற நேரத்தில் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிட்டாயிற்று, வந்துவிட்டார். இனி எதைக் கையில் கொடுப்பது?

1972-இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இருவர் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். பொருள்களை வகை பிரிக்க வேண்டும், ஒரேயடியாக அதிகம் செய்யக் கூடாது, வேறிடம் போக வேண்டியும் வரலாம் என்ற மாதிரிப் போகும். கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நினைவு வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது எந்தப் பலனும் இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மர்மமாகப் பொத்திவைக்கும் பிரசங்கிகள் இந்தப் பரிசோதனையை ஒருமுறை படிக்கலாம்.

இன்னொன்று அதைவிட அழகானது. கார்டன் பவரும் மைக்கல் கிளார்க்கும் 1969-இல் மாணவர்களுக்குப் பத்துப் பெயர்ச்சொற்கள் கொண்ட பட்டியல்கள் பன்னிரண்டைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அந்தந்தப் பட்டியலின் சொற்களைக் கோத்து ஆளுக்கொரு கதை கட்ட வேண்டும். மற்றவர்கள் அதே நேரத்தில் தங்கள் போக்கில் படிக்கலாம். ஒவ்வொரு பட்டியல் முடிந்ததும் கேட்டபோது இரு பிரிவினரும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள். பன்னிரண்டும் முடிந்தபின் மொத்தமாகக் கேட்டபோது கதை கட்டியவர்களுக்கு 93 சதவீதம் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 13. கதை சொன்னால் நிற்கும் என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதைகளை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களே கட்டினார்கள்.

கதை சொல்வதில் ஆபத்தும் உண்டு. மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் ஒரு பாடத்தில் சுவாரசியமான துணுக்குகளைச் செருகிக் கொடுத்தார்கள் ஹார்ப், மேயர் என்பவர்கள். துணுக்குகள் இருந்த பாடத்தைப் படித்தவர்கள், இல்லாததைப் படித்தவர்களைவிட மின்னலைப் பற்றிக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். 1998-இல் வந்த ஆய்வு. ரயிலில் நடந்த ஒரு ஜோக்கோடு தொடங்கும் பிரசங்கங்களுக்கு இதே கதிதான். ஜோக் வீட்டுக்கு வந்துவிடும், வசனம் ஆலயத்திலேயே தங்கிவிடும்.

இதையெல்லாம் ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரிந்துவைத்திருந்த ஒருவர் நம் சீமையில் பிறந்தார். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். படித்து, பள்ளி நடத்தி, சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் கவிராயராக வாழ்ந்து, 1864-இல் மறைந்தார். பிரசங்கத்தை அவர் பிரசங்கமாகச் செய்யவில்லை. கும்மி, நொண்டி நாடகம், குறவஞ்சி என்று ஜனங்களின் காதுக்குப் பழகிய வடிவங்களில் வேதத்தை ஏற்றினார், பாட்டும் விளக்கமுமாகக் காலட்சேபம் செய்தார். குறவஞ்சியின் கதைப் போக்கு குற்றாலக் குறவஞ்சி வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. தலைவி காதல் கொள்வாள், குறத்தி வருவாள், குறி சொல்வாள். பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி, குறத்தி விசுவாசம். அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். ஆகவே புதிய விஷயம் வந்து உட்காரத் தயாராக ஓர் இடம் மனத்தில் காத்திருக்கும். அந்த இடத்தில் சாஸ்திரியார் வேதத்தை மட்டும் வைக்கவில்லை, பூகோளத்தையும் கிரகங்களின் ஓட்டத்தையும்கூட வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்க் காதுக்கு நவீன வானியல் ஒரு குறத்திப் பாட்டு வழியாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

பின்னால் வந்த மிஷனரிகளுக்கு அவருடைய முறை ஒத்துவரவில்லை. 1820-களில் தஞ்சைச் சபையில் மோதல் வெடித்தது. சாதிக்கும் அந்தச் சண்டையில் பங்குண்டு, சாஸ்திரியார் அதில் நின்ற பக்கம் பெருமைப்படத்தக்கதல்ல. பாட்டுக்கும் பங்குண்டு. ஆலயத்தில் ஐரோப்பிய ஞானப்பாட்டுப் போதும், கீர்த்தனை எதற்கு என்றார்கள். ஆனால் ஒரு தலைமுறை கழிந்து, 1850-களில், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாட்டுகளுக்கு அதில் முக்கிய இடம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் ஒன்றைக்கூட இன்று யாருக்கும் சொல்லத் தெரியாது. கீர்த்தனைகளைப் பாட்டிமார் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள்.

அடுத்தது என்ன என்று கேட்பவருக்கு முன்பே தெரிவதன் பலன் மூளையிலேயே தெரிகிறது. பிரின்ஸ்டனில் உரி ஹாசனும் உடனாய்வாளர்களும் ஒரு பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, தன் வாழ்வில் நடந்ததைத் தயாரிப்பில்லாமல் சொல்லச் சொன்னார்கள். பிறகு அந்தப் பதிவை வேறு சிலருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் மூளையையும் படம் பிடித்தார்கள். கேட்பவர் மூளையின் செயல்பாடு, சொன்னவருடையதைச் சற்றுப் பின்தங்கி, கிட்டத்தட்ட அதே வடிவில் தொடர்ந்தது. தெரியாத மொழியில் கதை சொல்லப்பட்டபோது அந்த ஒற்றுமை மறைந்துவிட்டது. வியப்பு இதற்கு மேல்தான். மூளையின் சில பகுதிகளில் கேட்பவர் சொல்பவரை முந்திக்கொண்டு ஓடினார்! அப்படி முந்துவது அதிகமாக இருந்தவர்களுக்கே கதை நன்றாகப் புரிந்திருந்தது. 2010-இல் வந்த முடிவு இது. நன்றாகக் கேட்கிறவர் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, வாய் திறக்காமல் கூடவே பேசிக்கொண்டிருக்கிறார்.

வில்லுப்பாட்டுக்காரர்கள் அந்தக் கேட்பவரை மேடையிலேயே ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணாவி வில்லில் வீசுகோலைத் தட்டி ஒரு வரி சொன்னதும், பக்கத்தில் குடத்தையும் உடுக்கையையும் வைத்துக்கொண்டிருப்பவர் “ஆமாம்” என்பார். வெறும் ஆமாமோடு நிற்பதில்லை. வரியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார், “அதெப்படி?” என்று கேட்பார், தப்பாகப் புரிந்துகொண்டு திருத்தப்படுவார். ஊர்க்காரர் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிடுகிறார். ஒவ்வொரு வரியும் இருமுறை காதில் விழுகிறது, நடுவில் யோசிக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. காந்தி கதையை வில்லில் ஏற்றிய கலைவாணரும், அவருக்கு எழுதிய சுப்பு ஆறுமுகமும் இந்த ஆமாம்காரரை வைத்துக்கொண்டுதான் தேசிய அரசியலைப் பாமரருக்குப் புரியவைத்தார்கள். தென்மாவட்டச் சபைத் திருவிழாக்களில் யோபுவும் யோசேப்பும் வில்லில் வருவதுண்டு. திருவிழாவுக்கு மட்டும்தான். ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஒற்றைக் குரல்தான்.

“எங்கள் சபையிலும்தான் ஆமென், அல்லேலூயா என்று ஜனங்கள் பதில் சொல்கிறார்களே” என்று கேட்கலாம். அரை நிமிடத்துக்கொருமுறை, எது சொன்னாலும் வரும் ஆமென் தூக்கத்தைக் கலைக்கும். நினைவில் பதிக்குமா என்பது வேறு கேள்வி. 1978-இல் ஸ்லமேக்கா, கிராஃப் என்ற இருவர் செய்த சோதனை இதற்குப் பொருந்தும். ஒரு சொல்லை முழுதாக வாசித்தவர்களைவிட, துணைச்சொல் ஒன்றையும் முதல் எழுத்தையும் மட்டும் பார்த்துத் தாங்களே அந்தச் சொல்லை வரவழைத்தவர்கள் அதை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். பதில் சொல்வதால் அல்ல, பதிலைத் தேடியெடுப்பதால்தான் பதிகிறது. கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது மூத்தவன் எங்கே இருந்தான் என்று கேட்டுவிட்டு, அவசரப்பட்டு விடை சொல்லாமல் ஐந்து விநாடி சும்மா நிற்கத் தெரிந்த பிரசங்கி, அந்த ஐந்து விநாடியில் சபை முழுவதையும் வயலுக்கு அனுப்பிவிடுகிறார். இயேசுவின் உவமைகளில் பல விடை சொல்லாமலே முடிவதைக் கவனித்தால், அவருக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது என்று சொல்லலாம். மூத்த மகன் விருந்துக்கு உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா சொல்லவே இல்லை.

மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், இதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனவர் தியோஃபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர், 2005-இல் மறைந்தார். பயிற்சி பெறும் குருமாருக்கு அவர் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு வழிபாட்டையே அமைத்துக் காட்டினார். எல்லோரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் பொங்கித் தின்பதை அவர் இறையியலாகவே பேசினார். நம் பக்கத்துச் சபைகளின் அசன விருந்தைப் பார்த்தவர்களுக்கு அது விளக்கமில்லாமலே புரியும். பாட்டைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்துதான் இங்கே எனக்கு முக்கியம். சுருதியும் சொல்லும் அச்சில் பூட்டப்பட்ட கீர்த்தனையை ஜனங்கள் பாடத்தான் முடியும். நாட்டுப்புறப் பாட்டையோ அவர்கள் மாற்றலாம், தங்கள் ஊர்க் கஷ்டத்தை ஒரு வரியாகச் சேர்க்கலாம், வேண்டாததை விடலாம். மாற்றியவர் மறக்கமாட்டார், கதை கட்டிய மாணவர்களைப்போல. பிரசங்கத்தின் வாசகத்தைப் பிசகாமல் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இது பதற்றம் தரும். உபதேசம் ஊர்வாயில் திரிந்துபோகாதா என்று கேட்பார்கள். திரியும்தான். திரியாமல் மறக்கப்படுவதைவிடத் திரிந்து நினைக்கப்படுவது மேல் என்பது பரட்டையின் பக்கம், என் ஓட்டும் அங்கேதான்.

ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு வாரத்துக்கு மீண்டும் வருகிறேன். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒரு கட்டுரையை இரண்டாம் முறையும் படித்தார்கள். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே முன்னணி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு புரண்டிருந்தது. இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதம் நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவை உபன்யாசம் கேட்கிறவர்களுக்கு, மறுநாள் காலையிலேயே முந்தைய நாளின் நூல் பிடித்துத் தொடங்கும் வசதி இருக்கிறது. ஞாயிறு சபைக்கோ இடைவெளி ஏழு நாள். அதைக் கடக்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி, புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் ஒரு கேள்வி, அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொடங்கும் முன் ஒரு கேள்வி போதும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கூசாமல் கேட்கிறோம், மனப்பாட வசனம் சொன்னால் பரிசும் கொடுக்கிறோம். பெரியவர்களிடம் கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணம் சபையாரின் கூச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவரின் கூச்சமும் அதில் பாதி. போன வாரம் என்ன சொன்னேன் என்று கேட்டு, முன்வரிசையில் இருக்கும் பாடகர் குழுவே முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த வாரத்துக்கு எழுதிவைத்த மூன்று தலைப்பையும் எந்த முகத்தோடு ஆரம்பிப்பது?